நகரத்தின் பொதுக்கூரை: கொல்கத்தா நேதாஜி உள்விளையாட்டரங்கமும் சமூக வாழ்வும்

கொல்கத்தாவில் பருவமழை வழக்கமாக ஜூன் மாத இரண்டாம் வாரத்தில் தொடங்கி அக்டோபர் முற்பகுதி வரை நீடிக்கிறது. அந்நாட்களில் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் 'மைதான்' என்னும் பெரும் புல்வெளி சேறாகிவிடுகிறது. அந்நிலம் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்பில் இருப்பதால், அங்கு நிலையான கட்டடங்கள் எழுப்ப எளிதில் இசைவு கிடைப்பதில்லை. நூற்றாண்டு கண்ட கால்பந்துக் கழகங்களின் மனைகள்கூட இன்றளவும் 'கூடாரம்' என்றே வழங்கப்படுகின்றன. கால்பந்துக்குச் சேறு பெரிய தடையன்று. மழையில் நனைந்தபடி ஆட்டம் பார்ப்பதும் அந்நகரத்தாரின் சுவைகளுள் ஒன்று. ஆனால் மேசைப்பந்து, இறகுப்பந்து, கூடைப்பந்து, ஜிம்னாஸ்டிக்ஸ் ஆகியவற்றுக்குக் கூரை வேண்டும். ஏப்ரல், மே மாதங்களிலோ வெயிலும் காற்றின் ஈரப்பதமும் சேர்ந்து, பகலில் வெளியில் ஆடுவதை இயலாததாக்கிவிடுகின்றன. இத்தகைய நகரத்தில் கூரையிட்ட ஆடுகளம் ஆடம்பரம் என்று தள்ளிவிடத்தக்கதன்று. ஆண்டில் ஏறத்தாழப் பாதி நாட்களுக்கு அதுவே பல விளையாட்டுகளின் ஒரே இருப்பிடமாகும்.

ஈடன் தோட்டக் கிரிக்கெட் திடலை அடுத்து, ஹூக்ளி ஆற்றுக்கு அண்மையில் அமைந்துள்ள நேதாஜி உள்விளையாட்டரங்கம் ஏறத்தாழ 12,000 பேர் அமரத்தக்கது. 1975ஆம் ஆண்டு தொட்டு அரை நூற்றாண்டாக அந்நகர மக்களின் வாழ்வில் அது வகித்துவரும் இடம், நம் நாட்டு நகரங்களின் உள்விளையாட்டரங்கங்கள் அனைத்தைப் பற்றியும் சிந்திப்பதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். விளையாட்டுக்கெனக் கட்டப்பட்ட அரங்கம் ஆண்டில் எத்தனை நாள் விளையாட்டுக்குப் பயன்படுகிறது, மற்ற நாட்களில் அது யாருக்கு உரியது, அதைக் காத்துப் பேணும் செலவு எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்பன, எந்த நகரத்தின் நிர்வாகியும் என்றேனும் ஒருநாள் விடை சொல்லவேண்டிய கேள்விகள்.

பதினொரு நாள் போட்டியும் ஐம்பது ஆண்டுக் கட்டடமும்

உலக மேசைப்பந்து வாகையர் போட்டி ஆசியக் கண்டத்திற்கு முதன்முதலாக வந்தது 1952ஆம் ஆண்டில், பம்பாய் நகருக்கு. கடற்பஞ்சு ஒட்டிய மட்டையுடன் வந்த ஜப்பானியர் ஹிரோஜி சாட்டோ அங்கு ஒற்றையர் பட்டம் வென்றபின் இவ்விளையாட்டின் போக்கே மாறிற்று. இருபத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 33ஆவது போட்டி, அன்று கல்கத்தா என வழங்கிய நகரத்திற்கு அளிக்கப்பட்டது. அதை நடத்தும் பொருட்டே இவ்வரங்கம் எழுப்பப்பட்டது.

1975 பிப்ரவரி 6 முதல் 16 வரை அங்கு நடந்த ஆட்டங்களில், ஆடவர் குழுப் பட்டமும் மகளிர் குழுப் பட்டமும் சீனத்திற்குச் சென்றன. ஆடவர் ஒற்றையர் இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் இஸ்த்வான் யோனியர் முதல் இரு ஆட்டங்களை இழந்தபின் மீண்டெழுந்து யுகோஸ்லாவியாவின் ஸ்டிபான்சிச்சை வென்றார். மகளிர் ஒற்றையரில் வட கொரியாவின் பாக் யுங் சுன் வாகை சூடினார். 1962ஆம் ஆண்டுப் போருக்குப்பின் இந்தியாவும் சீனமும் ஒன்றுக்கொன்று தூதரை மீண்டும் அனுப்பியது 1976ஆம் ஆண்டில்தான். அதற்கு ஓராண்டு முன்னரே சீன ஆட்டக்காரர்கள் இவ்வரங்கில் கல்கத்தா மக்களின் முன் ஆடிச் சென்றனர் என்பதால், அயலுறவு வரலாற்றிலும் இவ்வரங்கத்திற்கு ஒரு சிறு வரி உண்டு.

அது ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தின் தொடக்க காலம். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் விலை உயர்வைத் தொடர்ந்து விலைவாசி கடுமையாக ஏறியிருந்த ஆண்டுகள். அத்தகைய வேளையில் ஒரு விளையாட்டுப் போட்டிக்காக இத்துணைப் பெரிய அரங்கம் தேவையா என்ற ஐயம் பொருளியல் மாணவர் எவருக்கும் எழும். பதினொரு நாள் போட்டியை மட்டும் கருத்திற்கொண்டால் அச்செலவை நியாயப்படுத்துவது அரிது. எனவே மதிப்பீடு அந்தப் பதினொரு நாட்களின்மேல் அன்றி, அதன்பின் வந்த ஐம்பது ஆண்டுகளின்மேல் அமைதல் வேண்டும். கட்டுமானச் செலவு ஒருமுறை செய்து முடிந்த செலவு. அதைத் திரும்பப் பெற வழியில்லை. நிர்வாகத்தின் கையில் எஞ்சுவது, ஆண்டுதோறும் கிடைக்கும் அரங்க நாட்கள் மட்டுமே. அவற்றை எவ்வாறு பங்கிடுவது என்பதே உண்மையான பொருளாதாரச் சிக்கல்.

விளையாட்டு கேட்கும் கூரை

உள்விளையாட்டரங்கம் என்றால் கூரை போட்ட பெரிய கூடம் என்று எண்ணிவிடும் வழக்கம் அலுவலகங்களில் உண்டு. அது பிழை. மேசைப்பந்தின் பந்து இன்று 2.7 கிராம் எடையுள்ளது. 1975இல் அதனினும் சிறியதாக, 38 மில்லிமீட்டர் விட்டத்துடன் இருந்தது. இறகுப்பந்தின் எடை 5.5 கிராமுக்கு மேற்படுவதில்லை. குளிர்பதனக் கருவியின் காற்று ஒரு பக்கமாக வீசினாலே இறகின் வழி பிறழ்ந்துவிடும். பன்னாட்டு இறகுப்பந்துப் போட்டிக்கு ஆடுகளத்திற்கு மேலே 12 மீட்டர் உயரம் தடையின்றி இருத்தல் வேண்டும். கூடைப்பந்துக்கு 7 மீட்டர் போதும். கூடைப்பந்துக்கு 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட களம் வேண்டும். ஆடவர் கபடிக்கு 13 மீட்டருக்கு 10 மீட்டர் போதுமானது. ஆனால் கபடிக்கு விரிப்பும், கூடைப்பந்துக்கு மரத்தளமும் தேவைப்படும். விளக்குகளோ கண்ணைக் கூசவைக்காமலும், வெள்ளைப் பந்தின் பின்னணியை வெளிறச் செய்யாமலும் அமையவேண்டும்.

இவற்றுள் மிகுதியாகத் துன்புறுவது தரை. நல்ல விளையாட்டுத் தரை காலுக்குச் சிறிது விட்டுக்கொடுக்கும் வகையில், அடியில் காற்றிடைவெளியுடன் அமைக்கப்படுகிறது. ஈரப்பதம் மிக்க நகரத்தில் மரம் ஊதிப் பிதுங்கும். வறண்ட மாதங்களில் சுருங்கிப் பிளக்கும். அதன்மேல் ஆயிரக்கணக்கான நாற்காலிகளை இழுத்து, இரும்புச் சட்டங்களால் மேடை கட்டி, ஒலிபெருக்கிக் கோபுரங்களை நிறுத்தினால், அடுத்த வாரம் அங்கு ஓடும் சிறுவனின் கணுக்காலுக்கு உறுதி சொல்ல முடியாது. பொது நிகழ்ச்சிகளுக்குமுன் தரையை மூடும் பலகைகளும் விரிப்புகளும் தேவையெனப் பொறியாளர்கள் எழுதுவதும், அவற்றை வாங்கும் கோப்பு நிதிப் பிரிவில் தங்கிவிடுவதும் பல நகரங்களில் கண்ட காட்சியே.

விளையாட்டுக்கு அப்பால்

நேதாஜி அரங்கில் விளையாட்டு ஓய்ந்துவிடவில்லை. 2005 முதல் 2007 வரை மகளிர் டென்னிஸ் பன்னாட்டுப் போட்டி அங்கு நடைபெற்றது; 2006ஆம் ஆண்டில் மார்ட்டினா ஹிங்கிஸ் பட்டம் வென்றார். 2014ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில்முறைக் கபடித் தொடரின் கொல்கத்தா ஆட்டங்களும் அங்கு நடந்து, நாட்டுப்புறத்தில் மண்ணில் ஆடிய விளையாட்டை நகரத்தார் குளிரூட்டப்பட்ட கூரையின்கீழ் அமர்ந்து காணச் செய்தன.

ஆயினும் நகரத்தின் நினைவில் இவ்வரங்கம் விளையாட்டுக்காக மட்டும் நிலைத்திருக்கவில்லை. 1997 செப்டம்பர் 5ஆம் நாள் அன்னை தெரேசா மறைந்தார். செப்டம்பர் 13ஆம் நாள், காந்தியடிகளின் உடலையும் நேருவின் உடலையும் சுமந்த அதே பீரங்கி வண்டியில் அன்னையின் உடல் நகரத் தெருக்களின் வழியே கொண்டுவரப்பட்டு, நேதாஜி அரங்கில் இறுதி வழிபாடு நடந்தது. வெளிநாட்டு அரசியரும் தலைவர்களும் அமர்ந்திருந்த அவையில் பல சமயத்தவரும் தத்தம் முறைப்படி அஞ்சலி செலுத்தினர். அன்னையின் துறவுச் சபையைச் சேர்ந்த சகோதரியரும், அவர்கள் பேணிவந்த எளியோரும் அக்கூரையின்கீழ் இருந்தனர். செப்டம்பர் மாத வங்காளத்தில் மழையை நம்பித் திறந்தவெளியில் அத்தகைய நிகழ்ச்சியை வைத்துக்கொள்ள இயலாது. பாதுகாப்பு, மழை, இருக்கை ஆகிய மூன்றையும் ஒருங்கே தரவல்ல வேறு கூரை அன்று அந்நகரில் எளிதில் கிடைத்திராது.

2011 முதல் பல ஆண்டுகள் கொல்கத்தா பன்னாட்டுத் திரைப்பட விழாவின் தொடக்க நிகழ்ச்சி இவ்வரங்கில் நடந்துள்ளது. அழைப்பிதழ் பெற்ற சிலருக்கு உரியதாக இருந்த விழா இதனால் பல்லாயிரவர் காணத்தக்கதாயிற்று. துர்கா பூஜைக்குமுன் பூஜைக் குழுக்களின் பிரதிநிதிகளை அரசு கூட்டிப் பேசுவதும் இங்குதான் நடந்து வந்துள்ளது. காவல், தீயணைப்பு, மின்வாரியம், மாநகராட்சி ஆகிய துறையினரும் தெருத்தெருவாக இயங்கும் குழுவினரும் ஒரே கூரையின்கீழ் சந்திப்பது, ஆயிரக்கணக்கான பந்தல்கள் எழும் நகரத்தில் நிர்வாகத் தேவையே ஆகும். பொதுத் தேர்தல்களில் நகரத் தொகுதிகளின் வாக்குகள் எண்ணப்படும் மையமாகவும் அரங்கம் பயன்பட்டிருக்கிறது. அந்நாட்களில் சுற்றுப்புறமே காவலுக்குள் அடங்கிவிடும்; ஆட்டக்காரருக்கு அங்கு இடமில்லை.

இவையெல்லாம் அரங்கத்தின் நோக்கத்திற்கு மாறானவை என்று விளையாட்டு ஆர்வலர்கள் குறை கூறுவதுண்டு. அக்குறையில் உண்மை உண்டு. ஆனால் அதை முழுவதும் ஏற்குமுன் சிறிது கணக்குப் பார்ப்பது நன்று.

ஒரு மாதிரிக் கணக்கு

இங்குத் தரப்படுவது எந்த ஒரு குறிப்பிட்ட அரங்கத்தின் புள்ளிவிவரமும் அன்று. மாணவர்கள் செய்து பார்க்கத்தக்க ஒரு பயிற்சி மட்டுமே. 12,000 இருக்கைகள் கொண்ட ஓர் அரங்கில் ஆண்டுக்கு 40 பெரிய நிகழ்ச்சிகள் நடப்பதாகவும், மேடை கட்டுவதும் பிரிப்பதும் சேர்த்து ஒவ்வொன்றும் 3 நாட்களைக் கொள்வதாகவும் வைத்துக்கொள்வோம். 120 நாட்கள் போக 245 நாட்கள் எஞ்சும். அந்நாட்களில் காலையில் 3 மணி நேரம் அரங்கம் இளைஞர்களுக்குத் திறந்துவிடப்படுகிறது. தரையில் 4 இறகுப்பந்துக் களங்கள். களத்திற்கு 4 பேர். ஒவ்வொரு மணி நேரத்திற்கும் ஆள் மாறுகின்றனர். ஒரு காலையில் 48 பேர். ஆண்டு முழுவதற்கும் 11,760 வருகைகள்.

அதாவது, அரங்கம் நிறைந்த ஒரே ஒரு மாலை நிகழ்ச்சிக்கு வருவோரின் எண்ணிக்கைகூட ஓராண்டின் காலை ஆட்டங்களால் எட்டப்படவில்லை. இது மட்டுமன்று. அந்த 48 இடங்களை வாரத்திற்கு ஆறு நாள், ஒருவருக்கு மூன்று நாள் வீதம் பங்கிட்டால் பயன்பெறுவோர் 96 பேர். பல பத்து இலட்சம் மக்கள் வாழும் மாநகரில், பன்னிரண்டாயிரம் இருக்கைகளுக்கு மேலே கூரை எழுப்பி, விளக்கேற்றி, நாள்தோறும் துடைத்து, தொண்ணூற்றாறு பேரை ஆடவைப்பதை எந்தத் திட்டக் குழுவிடமும் நியாயப்படுத்த இயலாது.

இக்கணக்கு கூட்டங்களுக்கு ஆதரவான வாதமாகத் தோன்றலாம். ஒருவகையில் அவ்வாறேதான். இருக்கைகளே இவ்வரங்கின் சிறப்பு. அவற்றை நிரப்பும் நிகழ்ச்சிகளுக்கே அது ஏற்றது. மாநகர அளவிலான பேரரங்கம் நகர மக்கள் கூடிக் காண்பதற்கான இடம். நகர மக்கள் அன்றாடம் ஆடுவதற்கான இடம் அன்று. முன்னதற்காகக் கட்டியதைப் பின்னதற்காகப் பயன்படுத்தவில்லையே என்று வருந்துவது பயனற்றது. எனினும், நாள்தோறும் மூன்று மணி நேரம் பயிலும் ஒருவர் பெறுவதையும், ஒரு மாலை கைதட்டிச் செல்லும் ஒருவர் பெறுவதையும் தலைக்கு ஒன்று என எண்ணிச் சமப்படுத்துவது பொருளியலின் மிகப் பழைய தவறுகளுள் ஒன்று. உடல்நலம், ஒழுங்கு, கூடிப் பழகும் பண்பு ஆகிய பயன்கள் ஆடுபவரோடு நின்றுவிடாமல் குடும்பத்திற்கும் சமூகத்திற்கும் பரவுவன. இத்தகைய பண்டத்தைச் சந்தையின் விலைக்கு மட்டும் விட்டுவிட்டால் தேவையான அளவு அது கிடைப்பதில்லை. ஆகவே பயிற்சிக்கான இடத்தைப் பொதுப்பணத்தில் தருவது நியாயமே. அதைப் பேரரங்கத்தில்தான் தரவேண்டும் என்பது மட்டுமே நியாயமன்று.

கொல்கத்தாவில் இதற்கு ஒரு பாதி விடை அரங்கத்தின் அருகிலேயே உள்ளது. நேதாஜி அரங்கத்தை அடுத்துக் 'குதிராம் அனுசீலன் கேந்திரம்' என்னும் மற்றோர் உள்ளரங்கம் நிற்கிறது. 1908இல் தூக்கிலிடப்பட்ட இளைஞர் குதிராம் போஸின் பெயரைத் தாங்கிய அதன் பெயரிலேயே, பயிற்சி என்று பொருள்படும் 'அனுசீலன்' என்ற சொல் இருக்கிறது. காண்பதற்கு ஓரிடம், பயில்வதற்கு ஓரிடம் என்ற இப்பிரிவினை சரியானதே. ஆனால் பெரிய நிகழ்ச்சிகளின்போது பக்கத்துக் கட்டடமும் துணைக்கூடமாக எடுத்துக்கொள்ளப்படுவதுண்டு; அப்போது பயிற்சி இரண்டிடத்திலும் நின்றுபோகிறது.

கட்டும் பணமும் காக்கும் பணமும்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விளையாட்டு மாநிலப் பட்டியலின் 33ஆம் இனமாக இடம்பெற்றுள்ளது. 1992ஆம் ஆண்டின் 74ஆம் திருத்தத்தால் வந்த பன்னிரண்டாம் அட்டவணை, பூங்காக்கள், தோட்டங்கள், விளையாட்டுத் திடல்கள் முதலிய நகர வசதிகளை நகராட்சிகளின் பணிகளுள் ஒன்றாகக் குறிக்கிறது. மத்திய அரசோ, 2010-11இல் தொடங்கிய நகர்ப்புற விளையாட்டுக் கட்டமைப்புத் திட்டத்தின் வாயிலாகப் பல்நோக்குக் கூடங்களுக்கு உதவி அளித்தது. பின்னர் அத்திட்டம் 'கேலோ இந்தியா'வில் இணைந்தது. மூன்று அரசு அடுக்குகளுக்கும் இதில் பங்கு உண்டு. மூவருக்கும் பங்குண்டு என்னும்போது பழுதான மழைநீர்க் குழாயை மாற்றும் பொறுப்பு எவருடையது என்பது மங்கிவிடுகிறது.

இதைவிட ஆழமான காரணம் நம் வரவு செலவுத் திட்ட முறையிலேயே நெடுங்காலம் இருந்தது. புதிய அரங்கம் கட்டுவது 'திட்டச் செலவு'. அது வளர்ச்சியின் அடையாளம். அதற்கு ஒதுக்கீடு கிடைக்கும். அடிக்கல்லும் திறப்பு விழாவும் உண்டு. கட்டி முடிந்தபின் அதன் தரை, கூரை, மின்விளக்கு, காவலர் ஊதியம் ஆகியவை 'திட்டமல்லாத செலவு' ஆயின. சிக்கன ஆணை வரும்போதெல்லாம் முதலில் வெட்டப்பட்டவை இவையே. 2017-18ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்திலிருந்து மத்திய அரசு இப்பாகுபாட்டை நீக்கிவிட்டது. ஆனால் பாகுபாடு வளர்த்த மனப்போக்கு அத்தனை விரைவில் நீங்குவதில்லை. ஒரு மாவட்டத் தலைநகரின் கோப்பில் 'புதிய கூடம் தேவை' என்ற குறிப்பையும், அதே கோப்பின் பின்பகுதியில் 'பழைய கூடத்தின் கூரை ஒழுகுகிறது' என்ற குறிப்பையும் ஒருங்கே காணும் அலுவலர் அதை இன்றும் உணர்வார்.

வாடகை வருவாயிலும் ஒரு முடிச்சு உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 266ஆம் பிரிவின்படி அரசு பெறும் வருவாய் மாநிலத் தொகுநிதியில் சேர்கிறது. அரங்கம் நேரடியாகத் துறையின் பொறுப்பில் இருக்குமானால், ஒரு நிகழ்ச்சிக்கு வசூலான வாடகையைக் கொண்டு அந்நிகழ்ச்சியில் கீறிய தரையைச் செப்பனிட முடியாது. பணம் கருவூலத்திற்குச் செல்லும், தரைக்கான பணம் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் காத்திருக்கும். பதிவுபெற்ற சங்கமாகவோ தன்னாட்சி வாரியமாகவோ நிர்வாகம் அமைந்தால் வருவாயைத் தன்னிடமே வைத்துச் செலவிடலாம். இதில் தணிக்கை தளர்ந்துவிடும் என்ற அச்சம் பொருளற்றதன்று; எனினும் தேய்மான நிதி ஒன்றைத் தனியே வைக்க இதுவே நேர்வழி.

அரசுத் துறைகளே அரங்கத்தைப் பயன்படுத்தும்போது வாடகை பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. பொதுநலனுக்கான கூட்டத்திற்கு இலவசமாக இடம் தருவதில் தவறில்லை. ஆனால் இலவசம் என்பதும் ஒரு மானியமே; அது ஏட்டில் தொகையாக எழுதப்படவேண்டும். எழுதப்படாத மானியம் யாருடைய பங்கிலிருந்து எடுக்கப்பட்டது என்பது எவருக்கும் தெரியாமல் போகும்.

தில்லியில் கண்டது

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை நடந்த ஆசிய விளையாட்டுகளுக்காகத் தில்லியில், யமுனைக்கு அருகே இந்திரப்பிரஸ்த உள்விளையாட்டரங்கம் கட்டப்பட்டது. பின்னர் இந்திரா காந்தியின் பெயர் பெற்றது. 25,000 பேருக்கு என அமைந்த அது, நடுவே ஒலி கடவாத் தடுப்பை இழுத்து ஒரே வேளையில் இரு போட்டிகளை நடத்தும் வசதியுடன் திட்டமிடப்பட்டது. இந்தியா மூன்றாம் முறையாக ஏற்று நடத்திய உலக மேசைப்பந்துப் போட்டி 1987இல் அங்குதான் நடந்தது. 2010ஆம் ஆண்டின் காமன்வெல்த் விளையாட்டுகளுக்காகப் புதுப்பிக்கப்பட்டபின் இருக்கைகள் ஏறத்தாழ 14,000ஆகக் குறைந்தன. இக்குறைப்பு ஒரு மௌனமான ஒப்புதல் எனலாம்: இருபத்தையாயிரம் இருக்கைகளை நிரப்பவல்ல உள்ளரங்க நிகழ்ச்சிகள் ஆண்டில் மிகச் சிலவே.

ஆசிய விளையாட்டுகளுக்காகக் கட்டப்பட்ட அரங்கங்களைப் பேணவும் நன்கு பயன்படுத்தவும் என்றே 1984இல் இந்திய விளையாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. கட்டி முடித்தபின் காப்பதற்கென ஓர் அமைப்பைத் தோற்றுவிக்க வேண்டியிருந்தது என்பது கவனத்திற்குரியது. 2011இல் ஆணையம் 'வாருங்கள், விளையாடுங்கள்' என்னும் திட்டத்தைத் தொடங்கித் தில்லியின் பெரிய அரங்கங்களைப் பொதுமக்களுக்கும் இளம் ஆட்டக்காரர்களுக்கும் கட்டணத்தின்பேரில் திறந்துவிட்டது. தேசியப் போட்டிகளுக்கென்று பூட்டிவைக்கப்பட்ட கதவுகள் திறந்தன. ஆனால் அரங்கம் நகரின் ஓரிடத்தில் இருக்க, நகரமோ நாற்புறமும் விரிந்து கிடக்கிறது. பேருந்தில் ஒரு மணி நேரம் பயணம் செய்து வந்து ஒரு மணி நேரம் ஆடித் திரும்பும் நேரமும் வசதியும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மாணவிகளின் நிலையில் இத்தூரம் இன்னும் பெரியது. மாலை இருட்டியபின் வீடு திரும்பும் வழி பெற்றோர்க்குக் கவலை தருமாயின், அரங்கத்தில் எத்துணை நல்ல விளக்குகள் இருந்தாலும் பயனில்லை.

இடர்க்காலத்தில்

பெரிய கூரையின் மற்றொரு பயன், எவரும் திட்டமிடாமலே வெளிப்படுவது. 2018 ஆகஸ்டில் கேரளம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கொச்சியில் கடவந்தராவிலுள்ள மண்டல விளையாட்டு மையம் நிவாரணப் பொருட்களைத் திரட்டிப் பிரித்துக் கட்டும் இடமாயிற்று. இளைஞர்கள் இரவு பகலாக அங்கு அரிசியும் துணியும் மருந்தும் கட்டி அனுப்பினர். 2020இல் கொரோனா பரவியபோது மும்பை ஒர்லியில் உள்ள தேசிய விளையாட்டு மன்றத்தின் குவிமாட அரங்கம், நூற்றுக்கணக்கான படுக்கைகள் கொண்ட நோயாளர் பராமரிப்பு மையமாக மாற்றப்பட்டது. தூண்களற்ற பரந்த தரை, பல வாயில்கள், கழிப்பறைகள், ஊர்தி நிறுத்துமிடம், தனி மின்னிணைப்பு ஆகிய இவையே இடர்க்காலத்தில் தேவைப்படுவன. புதிய அரங்கங்களின் வரைபடத்தை ஒப்புக்கொள்ளும் நிலையிலேயே மாவட்டப் பேரிடர் மேலாண்மை அலுவலரின் குறிப்பையும் பெற்றுவிட்டால், பின்னர் சுவரை இடிக்க வேண்டிவராது.

நைஹாட்டியின் கூடங்கள்

மேசைப்பந்துக்கென எழுந்த அரங்கத்தைப் பற்றிய கட்டுரை மேசைப்பந்தில் முடிவது பொருத்தமே. வங்காளம் இவ்விளையாட்டில் நாட்டுக்குத் தொடர்ந்து சிறந்த ஆட்டக்காரர்களைத் தந்துவருகிறது. அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்று நோக்கினால், விடை நேதாஜி அரங்கமன்று. மலையடிவார நகரமான சிலிகுரி மேசைப்பந்துக்குப் பெயர்பெற்றது. அர்ஜுனா விருது பெற்ற மந்து கோஷ் அந்நகரத்தவர். கொல்கத்தாவுக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், ஹூக்ளிக் கரையில் உள்ள ஆலை நகரம் நைஹாட்டி. 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் சீனத்தின் உலக வாகையர் இணையைக் காலிறுதியில் வீழ்த்தி, மகளிர் இரட்டையரில் இந்தியாவுக்கு முதற் பதக்கமான வெண்கலத்தைப் பெற்றுத்தந்த ஐஹிகா முகர்ஜியும் சுதீர்த்தா முகர்ஜியும் அவ்வூரினர்.

மேசைப்பந்துக்குத் தேவை ஏதென எண்ணிப் பார்த்தால் இதில் வியப்பில்லை. ஒரு மேசை, சுற்றிலும் கால் வைக்க இடம், நல்ல விளக்கு, கதவைத் திறந்து வைக்க ஒருவர், பிழையைச் சுட்டிக்காட்ட மற்றொருவர். வங்காளத்தில் 'பாடா' எனப்படும் ஒவ்வொரு குடியிருப்புப் பகுதியிலும் ஒரு மன்றம் உண்டு. கேரம் பலகையும் பூஜைக் கணக்கு ஏடும் இருக்கும் அவ்வறைகளில் பலவற்றில் ஒரு மேசை போட இடமுண்டு. பள்ளிகளின் கூட்ட அறைகளோ மாலை ஐந்து மணிக்குமேல் பூட்டிக்கிடக்கின்றன.

ஆகவே பேரரங்கத்தையும் சிறு கூடத்தையும் எதிரெதிரே நிறுத்தாமல், ஒரே கணக்கில் இணைப்பதே தக்க வழி. நிறைந்த அரங்கில் ஒரு மாலை நிகழ்ச்சி ஈட்டும் வாடகையில் ஒரு பங்கு, அரங்கத்தின் தேய்மான நிதிக்கு அடுத்தபடியாக, வார்டுகளின் சிறு கூடங்களுக்கு என ஒதுக்கப்படவேண்டும். எந்தக் கூடத்திற்கு எவ்வளவு என்பது ஆண்டுதோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படவேண்டும். பேரரங்கத்தின் முன்பதிவு ஏட்டில் விளையாட்டு நாட்கள், வாடகை நாட்கள், இலவச நாட்கள், மூடிய நாட்கள் என நான்கு பத்திகள் போதும். ஆண்டு முடிவில் அந்நான்கின் கூட்டுத்தொகை 365 ஆகிறதா என்று பார்க்க உயர்மட்டக் குழு தேவையில்லை; ஓர் எழுத்தர் ஒரு பிற்பகலில் கூட்டிவிடுவார்.